இருபத்துமூன்று பாகை வீடு

ரதிதேவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அவள் பட்ட பாட்டுக்கெல்லாம் இதுதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. பசித்தால் பசிக்கிறது என்பாள். நொந்தால் நோகிறது என்பாள். அவளோடு இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்துகிற ஜெயரட்ணத்துக்கோ அவள் சொல்வது எதுவும் காதில் ஏறாது. அவருக்கு எதையும் ஒரு கருவி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடதாசியில் அச்சடித்திருக்க வேண்டும். மனிசி சொன்னால் அது வெறும் கதை.

மகள் பிரணவி பிறந்த கதையைக் கேட்டாலே அந்த மனிதரை விளங்கிவிடும். அப்போது ஒக்லாந்தின் ஹென்டர்சனில் வாடகைக்கு இருந்தார்கள். விடியற்புறம் ரதிதேவி அவரைத் தட்டி எழுப்பி, "இஞ்சேருங்கோ, நோ வந்திட்டுது, வெளிக்கிடுங்கோ" என்றாள். ஜெயரட்ணம் எழும்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குசினிக்குப் போய்க் கலண்டரைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்காரர் குறித்துக் கொடுத்த நாளுக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. "இது வாய்வு. இஞ்சித் தண்ணி வைச்சுக் குடியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். அவள் இஞ்சித் தண்ணீர் வைத்துக் குடித்தாள். கடைசியில் பிள்ளை பிறந்தது ஆஸ்பத்திரி வாசலில், காரின் பின் சீட்டில், பாதுகாப்பு ஊழியர் ஒருவர் போர்த்திய மழைக்கோட்டுக்குக் கீழே. "ஆஸ்பத்திரிக்காரர் திகதியைப் பிழையாய்ப் போட்டிட்டாங்கள்" என்று ஜெயரட்ணம் இன்றைக்கும் ஊருக்குச் சொல்லித் திரிகிறார். சரியாகச் சொன்ன ஒருத்தி பக்கத்திலேயே இருந்தாள் என்பது அவருக்கு நினைவில்லை.

ரதிதேவி சுன்னாகத்துப் பெண். தையல் கை. ஒக்லாந்துக்கு வந்த புதிதில் ஹென்டர்சனில் ஒரு திரைச்சீலை தைக்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டிலேயே மெஷினைப் போட்டுச் சேலைச் சட்டை தைக்கத் தொடங்கினாள். கலியாணக்காரர் நகரின் மறுகோடியான பிளாட் புஷ்ஷில் இருந்தெல்லாம் அவளைத் தேடி வருவார்கள். கழுத்து இறக்கத்தில் அரை விரல் பிசகினாலும் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுப்பாள். அவளுக்கு இருந்த ஒரே தொல்லை குளிர். குளிர் பட்டால் விரல் விறைக்கும், விறைத்தால் ஊசி பிடிக்க வராது.

மவுண்ட் ஆல்பர்ட்டில் இந்தப் பழைய மரவீட்டை வாங்க அவள் ஒற்றைக் காலில் நின்றதற்கும் அதுதான் காரணம். முன்பு இருந்தவன் ஒரு இங்கிலாந்துக்காரன். தன் ஊர் வழக்கப்படி உடுப்புத் தோய்க்கிற அறைச் சுவரில் ஒரு காஸ் பொயிலரைப் பூட்டி, அறைக்கு அறை சுடுதண்ணீர் ஓடுகிற இரும்புத் தட்டிகளையும் வைத்திருந்தான். குழாயில் வருகிற சுடுதண்ணீருக்கும் அதே பெட்டி, வீட்டுச் சூட்டுக்கும் அதே பெட்டி. முன்னறைச் சுவரில், இப்போது தையல் மெஷின் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வட்டக் குமிழ் இருந்தது. காலையில் அதைக் கொஞ்சம் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம். அங்கே தோய்க்கிற அறையில் பெட்டி மூச்சு விட்டுக்கொண்டு எரியத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் விரல் இளகிவிடும். ஏழெட்டு வருடம் இப்படியே ஒரு குறையும் இல்லாமல் போனது.

அந்தக் குமிழைப் பிடுங்க லண்டனில் இருந்து ஒரு பார்சல் வந்தது.

அனுப்பியவர் ஜெயரட்ணத்தின் தமையன் குணரத்தினம். அவர் வீட்டிலும் இதே மாதிரிப் பொயிலர். அதற்கு அவர், அறைச் சூட்டை அளந்து பொயிலரை எரியவைக்கிற, நிறுத்துகிற ஒரு ஸ்மார்ட் தேர்மோஸ்டாட் பூட்டியிருந்தார். வீட்டுச் சூட்டைக் கைபேசியிலேயே பார்க்கலாம், கூட்டலாம், குறைக்கலாம். தம்பிக்கும் ஒன்று வாங்கி அனுப்பினார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் குரங்கின் கையில் பூமாலையைக் கொடுக்கிறோமே என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

கோயிலில் பழக்கமான மணியம், ஹென்டர்சனில் எலெக்ட்ரீசியன், மலேசியாக்காரர், விஷயத்தைக் கேள்விப்பட்டு, "அண்ணே, நான் வந்து மாட்டித் தரேன். எங்க வைக்கிறோம்னு கொஞ்சம் பாத்துதான் வைக்கணும்" என்றார். ஜெயரட்ணம் சிரித்தார். "ரெண்டு வயருக்கு ஒரு எலெக்ட்ரீசியனோ?" அவர் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்குப் பார்க்கிறவர். ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே அவருக்கு ஒரு ஆராய்ச்சி.

ஒரு சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. தோய்க்கிற மெஷினுக்கு மேலே மடிகணினி. அதற்குள் லண்டனில் இருந்து குணரத்தினத்தின் பாதி முகம். ரதிதேவி டோர்ச் பிடித்தாள். தாலி கட்டின நாளில் இருந்து அவளுக்கு நிரந்தரமாகக் கிடைத்த உத்தியோகம் அதுதான்.

"டேய் தம்பி, முதல்ல மெயினை நிப்பாட்டு. நிப்பாட்டினனியோ?"

"நிப்பாட்டிட்டன் அண்ணை."

"பழைய தேர்மோஸ்டாட்டில இருந்து ரெண்டு வயர் வந்து ஏறியிருக்கும். அந்த ரெண்டையும் கழட்டிப்போட்டுப் புதுசின்ர ரெண்டையும் பூட்டு. அந்த ரெண்டு வயருக்கும் கரண்ட் குடுத்துப் போடாத. பொயிலர் தானே குடுக்கும். இது சும்மா ஒரு சுவிச்சு மாதிரி."

ஜெயரட்ணம் முன்னறைக்குப் போகிற பழைய இரண்டு வயரையும் கழற்றி, நுனியில் கறுத்த டேப் சுற்றிப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்தார். புதியதை முன்னறையில் பூட்டினால் ரதிதேவி அதில் கை வைப்பாள் என்பது அவருடைய கவலை. பொயிலர் இருக்கிற சுவருக்கு அந்தப் பக்கம் சாமி அலமாரி. பழைய காலத்தில் கோட்டுக் கொளுவிய, ஒரு ஆள் நிற்கக்கூடிய அலமாரி அது. ஒரு துளை போட்டால் வயர் வந்துவிடும். தேர்மோஸ்டாட்டின் திரைக்கு மின்சாரம் கொடுக்க, சாமிப் படத்து பல்புக்கு வைத்த பிளக்கும் அங்கேயே இருந்தது.

"சாமிக்குப் பக்கத்திலயோ?" என்று ரதிதேவி கேட்டாள். "சாம்பிராணிப் புகை படுமேயப்பா."

"பிளாஸ்டிக்தானே. துடைச்சால் போகுது. நீர் டோர்ச்சை ஒழுங்காய்ப் பிடியும்."

"எங்க பூட்டினனீ?" என்று லண்டன் கேட்டது.

"நடுவீட்டில அண்ணை" என்றார் ஜெயரட்ணம். அலமாரி நடுவீட்டில்தான் இருந்தது. அந்த மட்டுக்கு அது உண்மை.

அந்த அலமாரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரணவிக்கு டுனீடினில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தால், அவள் படித்து முடிக்கும்வரை அணையாமல் விளக்கு எரிப்பதாக ஜெயரட்ணம் நேர்த்தி வைத்திருந்தார். இடம் கிடைத்தது. கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு பெரிய விளக்கு இரவு பகலாக எரிந்தது. நேர்த்தி அவருடையது. எண்ணெய் விடுவதும் திரி மாற்றுவதும் கரி துடைப்பதும் யாருடைய வேலை என்று சொல்லத் தேவையில்லை. சாம்பிராணிப் புகை வெளியே வந்தால் ஹோலில் இருக்கிற புகை அலாரம் கத்தும் என்பதால் அலமாரிக் கதவு எப்போதும் இறுக்கிச் சாத்தியே இருக்கும். அந்த விளக்குக்கு நேர் மேலே, ஒரு முழம்கூட இடைவெளி விடாமல், ஜெயரட்ணம் தேர்மோஸ்டாட்டைப் பூட்டினார். அதன் ஓரத்தில் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். வேறு யாரும் தொடாதபடி நாலு இலக்கப் பூட்டுப் போட்டார். முன்னறைக் குமிழைக் கழற்றிக் குப்பைக் கூடையில் எறிந்தார். ரதிதேவி அதை எடுத்துத் துடைத்துத் தன் பொத்தான் டப்பாவுக்குள் போட்டுவைத்தாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த நாளில் இருந்து வீடு குளிர்ந்தது.

முதலில் இரும்புத் தட்டிகள் குளிர்ந்தன. பிறகு சுவர். பிறகு கட்டில், தலையணை, போட்டுக்கொள்கிற சட்டை. மெஷினுக்கு முன்னால் அவள் இரண்டு சுவெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். விரல் மடங்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக் கையை அதற்குப் பக்கத்தில் காட்டி, கொஞ்சம் தைத்து, திரும்பவும் காட்டினாள். குசினிக் குழாயில் சுடுதண்ணீர் திறந்தால் மட்டும் பொயிலர் எரிகிற சத்தம் கேட்கும். மற்ற நேரமெல்லாம் செத்த வீடு.

பத்து மணிக்குக் காப்புறுதிக் கந்தோரில் இருந்து ஜெயரட்ணம் போன் எடுப்பார்.

"வீடு எப்பிடி? இருபத்திமூண்டு காட்டுது."

"இல்லையப்பா, சரியாய்க் குளிருது. பொயிலர் எரியவேயில்லை."

"இருபத்திமூண்டு எண்டால் அது ஏன் எரிய வேணும்? நான் இருபதுக்குத்தான் வைச்சிருக்கிறன். சூடு காணும் எண்டு அதுக்குத் தெரியுது. அதுதான் ஸ்மார்ட்."

"கை விறைக்குது எண்டு சொல்லுறன்."

"உம்மட உடம்பிலதான் ஏதோ பிழை."

அவருக்குக் குளிரவில்லையா என்று கேட்பீர்கள். ஏன் குளிராது. பின்னேரம் வந்ததும் மூக்கு நுனி சிவந்துபோய் நேரே குசினிக்குள் வந்து, அவள் சமைக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பார். படுக்கப் போகிறபோது தடிப்புப் போர்வைக்குள் புகுந்துவிடுவார். நடுவில் எங்கேயாவது உடம்பு சிலிர்த்தால் கைபேசியை எடுத்துப் பார்ப்பார். அதில் இருபத்துமூன்று என்று இருக்கும். உடனே சிலிர்ப்பு நின்றுவிடும். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிறவனையாவது மன்னிக்கலாம், முயல் எப்போதாவது ஓடிக் காட்டிவிடும். இவர் நடுங்கிக்கொண்டே நடுக்கத்தை நம்பாதவர்.

வீட்டில் இளஞ்சூடாக இருந்தது ஒரே ஒரு இடம்தான், சாமி அலமாரி. விளக்குக்கு எண்ணெய் விடப் போனால் ரதிதேவி கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே நிற்பாள். தேவாரம் ஒன்று பாடுகிற இடத்தில் நாலைந்து பாடுவாள். "இப்பதான் உமக்குப் பக்தி வந்திருக்குது" என்று ஜெயரட்ணம் மெச்சினார். அவளுக்கு வந்தது பக்தியில்லை, விரலுக்கு உயிர்.

அந்த ஊரில் நடுக்குளிர்காலமான ஆனி மாத மழையோடு பூஞ்சணமும் வந்தது. ஜன்னல் கண்ணாடியில் இரவெல்லாம் தண்ணீர் வடிந்து மரச்சட்டம் ஊறியது. படுக்கையறைக் கூரை மூலையில் கறுப்புப் புள்ளிகள் தோன்றிப் படர்ந்தன. துவாய் காயாமல் புளித்த நாற்றம் நாறியது. உடுப்பு அலமாரியைத் திறந்தால் நனைந்த நாயின் மணம். அவள் வினிகர் போட்டுத் துடைப்பாள், கையில் வழுவழுவென்று கறுப்பு ஒட்டும். துடைத்த இடத்தில் அடுத்த கிழமை திரும்பவும் வந்து நிற்கும். சீ என்று போய்விட்டது அவளுக்கு. பூஞ்சணத்தைப் பார்த்து அல்ல. அதைக் காட்டியபோது அவர் கைபேசியைக் காட்டினாரே, அதைப் பார்த்து.

பிளாட் புஷ்ஷில் இருந்து விக்னேஸ்வரி வந்தாள். மகளின் கலியாணச் சட்டை, அரக்குப் பட்டு, கைநிறைய வேலைப்பாடு. உறையைத் திறந்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"ரதி அக்கா, குறை நினையாதேங்கோ. மணக்குது."

உள்துணியில் பச்சையாக ஒரு பொட்டு. ரதிதேவி சட்டையைத் திரும்ப வாங்கி, உள்துணி முழுவதையும் பிரித்துப் புதிதாக வைத்துத் தைத்துக் கொடுத்தாள். விக்னேஸ்வரி நல்லவள், யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் அவள் வேறு துணி ஒன்றும் கொண்டுவரவில்லை. இத்தனை வருடமாகக் கட்டிய பெயர். அது போகிற மணம் ரதிதேவிக்கு மூக்கில் அடித்தது.

அன்று பின்னேரம் ஜெயரட்ணத்திடம் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார், கேட்டுவிட்டு டொக்டரிடம் நாள் எடுத்தார்.

ரத்தம் எடுத்தார்கள். தைரொயிட் சரி, சீனி சரி, இரும்பு கொஞ்சம் குறைவு, முக்கால்வாசிப் பெண்களுக்கும் அப்படித்தான் என்றாள் டொக்டர். இரும்புக் குளிசை எழுதித் தந்தாள். வயிற்றைக் கல்லாகக் கட்டிப்போடுகிற குளிசை. ஜெயரட்ணம் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டில் வைத்துக் கொண்டுவந்து, விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு வந்த நோய்க்கு அவள் மருந்து தின்றாள்.

இதைவிடக் குளிரான டுனீடினில் இருந்து பிரணவி போன் எடுத்தாள். அப்பா அவளுடைய கைபேசியிலும் அந்த வீட்டுச் சூட்டைப் போட்டுக் கொடுத்திருந்தார்.

"மம், இட் சேஸ் டுவென்ரி த்ரீ. தட்ஸ் லைக், ட்ரொப்பிக்கல். என்ர ஃபிளாட்டை வந்து பாருங்கோ."

"உனக்கு அம்மா சொல்லுறது பெரிசோ, அது சொல்லுறது பெரிசோ?"

மறுபக்கம் கொஞ்சம் யோசித்தது. அந்த யோசனையே ரதிதேவிக்குப் போதும். காரில் பிறந்த பிள்ளை, தகப்பனைக் கொண்டே பிறந்திருக்கிறது.

இதெல்லாம் வீட்டுக்குள்ளே. இனி வெளியே. கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை அன்னதானப் பந்தியில் அவள் சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாள். ஜெயரட்ணம் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கைபேசியை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "இப்ப வீட்டில இருபத்திநாலு. பாருங்கோ, நான் இஞ்ச இருந்தே பார்க்கிறன். மனிசி என்னடாவெண்டால் நடுங்குது. டொக்டரும் பார்த்தாச்சு, உடம்பில ஒண்டுமில்லை. மனப்பிராந்தி." பந்தியில் இருந்த மணியம் மட்டும் இலையைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். ரதிதேவி ஜெயரட்ணத்தின் இலைக்கு வந்தபோது சாம்பாரை ஊற்றாமல் தாண்டிப் போனாள். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவள் ஒன்றை முடிவு செய்தாள். சூடு வேண்டாம். சட்டை நாறினால் நாறட்டும். அவர் ஒரே ஒரு தடவை, "ஓம், நீர் சொன்னது சரி" என்று சொன்னால் போதும். செத்துப்போவதற்கு முன் அதைக் கேட்க வேண்டும்.

ஆடியில் குணரத்தினம் போய்விட்டார். லண்டனில், தோட்டத்தில் நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவில்லை. ரதிதேவி மனம்விட்டு அழுதாள். கலியாணமாகி ஊரில் புகுந்த வீட்டுக்கு வந்த நாளில் அவளுக்கு முதலில் சாப்பாடு போட்டுத் தந்தவர் அந்த அத்தான்தான். ஜெயரட்ணம் அடுத்த பிளேனுக்குப் புறப்பட்டார். கூடப் பிறந்தவனின் சாவு என்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை வீட்டில் ஒரு மாதம் துடக்கு, தீட்டு. சாமிக்கு விளக்கு வைக்கக்கூடாது, நேர்த்தி விளக்கும் அதற்குள் அடக்கம். "விளக்கை அணைச்சுப்போட்டுக் கதவைச் சாத்தி விடும். முப்பத்தொண்டு முடியத் திருப்பிக் கொளுத்துவம்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அணைத்துச் சாத்தினாள்.

அடுத்த நாள் காலை போர்வையை உதறிவிட்டு எழும்பியவளுக்கு என்னவோ மாறியிருப்பது போல இருந்தது. கால் தரையில் பட்டபோதுதான் தெரிந்தது. தரை குளிரவில்லை. பொயிலர் எரிகிற சத்தம் கேட்டது. இரும்புத் தட்டியில் கை வைத்துக் கையை எடுத்தாள், அவ்வளவு சூடு. மத்தியானத்துக்குள் சுவெட்டரைக் கழற்றினாள். அதற்கடுத்த நாள் ஜன்னல் காய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் வீடு வேகத் தொடங்கியது. குளிர்காலம் முடியாத ஒக்லாந்தில், வெளியே ஐஸ் மழை அடிக்கிறது, உள்ளே அவள் பருத்திச் சட்டையோடு, தையல் அட்டையால் விசிறிக்கொண்டு நிற்கிறாள். பெட்டி பழுதாகிவிட்டதோ என்று பார்க்கத் தோய்க்கிற அறைக்குப் போனவள், வரும் வழியில் சாமி அலமாரிக் கதவைக் கொஞ்சம் நீக்கினாள்.

குளிர்காற்று முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு தட்டியும் இல்லை, விளக்கும் இல்லை. சந்தனம் காய்ந்து உதிர்ந்த தேர்மோஸ்டாட் பதினாலு என்று காட்டியது. அவள் அதைப் பார்த்தாள். கீழே கரி பிடித்துச் செத்துக் கிடந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் மேலே பார்த்தாள்.

"அட கோதாரி" என்றாள் வாய்விட்டு.

இத்தனை மாதமும் அது அளந்தது வீட்டை அல்ல. விளக்கை. தானே எண்ணெய் விட்டு, தானே திரி தூண்டி, தன் வீட்டைத் தானே குளிரவைத்திருக்கிறாள். அந்த விளக்குக்கு முன்னால் நின்று குளிர் போக வேண்டும் என்று தேவாரம் வேறு. அவள் ஹோல் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சாவீட்டுத் துடக்கில் சிரிக்கக்கூடாதுதான். அத்தான் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

பிறகு சிரிப்பு நின்றது. கையில் ஆதாரம் கிடைத்துவிட்டது. இனி அவர் சொல்லித்தான் ஆக வேண்டும், நீர் சொன்னது சரி என்று. அப்போது கைபேசி அடித்தது. லண்டன்.

"இஞ்சேரும், என்ன அங்க? பதினாலு காட்டுது. நீர் விறைச்சுப்போய் இருப்பீர்."

"இல்லையப்பா. வீடு நல்ல சூடு. எனக்கு வேர்த்து ஊத்துது."

"விசர்க்கதை கதையாதையும். பதினாலு எண்டு எனக்கு முன்னால கிடக்குது."

"சொல்லுறதைக் கேளுங்கோ. அந்த விளக்கு இருக்கெல்லோ, அந்த விளக்கு…"

"செத்த வீட்டில நிண்டு கதைக்கிறன், விளக்கைப் பற்றி இப்ப ஆர் கேட்டது? அண்ணை போன கவலையில உமக்குக் குளிர் தெரியேல்ல. காய்ச்சலோ தெரியாது. குளிருதோ இல்லையோ, அதை மட்டும் சொல்லும்."

ரதிதேவியின் கழுத்தில் இருந்து ஒரு சொட்டு வேர்வை முதுகில் இறங்கியது. அவள் விசிறியைக் கீழே வைத்தாள்.

"ஓம்" என்றாள். "குளிருது."

"பாத்தீரே. நான் சொன்னனான்தானே. ஓம், நீர் சொல்லுறது சரி, பதினாலு எண்டால் குளிரத்தான் செய்யும். பொறும், நான் இஞ்ச இருந்து கூட்டி விடுறன்."

நீர் சொல்லுறது சரி. கேட்டுவிட்டாள். கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் அவர் அவளை நம்பியது இதுதான் முதல் தடவை, அவள் முதல் தடவையாகப் பொய் சொன்னபோது. வாயில் இரும்புக் குளிசையின் கசப்பு வந்தது. அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபம் என்றால் ஒரு மதிப்பு இருக்க வேண்டும். வந்தது அருவருப்பு. அவர்மேலும், இந்த ஒரு சொல்லுக்காகப் பிச்சைக்காரி போல் வாய்பார்த்து நின்ற தன்மேலும். எழும்பிப் போய் முகத்தைக் கழுவினாள். பொத்தான் டப்பாவைத் திறந்தாள். மணியத்துக்குப் போன் பண்ணினாள்.

மணியம் சனிக்கிழமை வந்தார். மெயினை நிறுத்திவிட்டுப் பெட்டியின் அடிப்பக்கத்தைத் திறந்தார்.

"அக்கா, பழைய வாயர் இங்கயே மடிச்சுக் கெடக்கு. நல்லதாப் போச்சு. முன்னறைல இந்தப் பழசையே மாட்டிடலாம். அந்தப் புதுசக் கழட்டி எடுத்துடவா?"

"வேண்டாம் தம்பி. அது அங்கயே இருக்கட்டும்."

"வாயரை எடுத்துட்டா அது எதுக்கும் கனெக்ட் ஆகாதே கா. சும்மா நம்பர்தான் காட்டிக்கிட்டு இருக்கும்."

"காட்டட்டும். அதைக் கேக்கிறவருக்கு அது சொன்னால் காணும்."

மணியம் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. அலமாரிக்குப் போகிற இரண்டு வயரையும் கழற்றி டேப் சுற்றி மடித்து வைத்தார். முன்னறையில் குமிழைப் பூட்டி, "திருப்பிப் பாருங்க" என்றார். அவள் திருப்பினாள். டிக் என்றது. பெட்டி எரிந்தது. குமிழுக்கு மேலே அவள் தையல் அளவு நாடாக்களைத் தொங்கவிட்டு மறைத்தாள். மறைத்திருக்கத் தேவையில்லை. அந்தச் சுவரை அவர் ஒருநாளும் பார்த்தவரல்ல.

அந்தியேட்டி முடிய ஜெயரட்ணம் வந்தார். முழுகி, வேட்டி கட்டி, தன் கையாலேயே நேர்த்தி விளக்கைக் கொளுத்தினார். பின்னேரத்துக்குள் கைபேசியில் இருபத்துமூன்று வந்துவிட்டது. வீடும், ரதிதேவி வைத்தபடி, இதமாக இருந்தது. அவர் தேத்தண்ணியோடு முன்னறைக்கு வந்து, அவள் மெல்லிய சட்டையோடு இருந்து பட்டுக்கு ஊக்குத் தைப்பதைப் பார்த்தார்.

"இப்ப உமக்குக் குளிரேல்லைப் போல."

"இல்லை."

"நான் சொன்னனான். இரும்புக் குளிசை வேலை செய்யுது. விடாமல் எடும்."

ரதிதேவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அடுத்த வருடம் விக்னேஸ்வரி இரண்டாவது மகளின் சட்டைத் துணியோடு திரும்பி வந்தாள். கூரை மூலைக்கு வெள்ளை அடித்தார்கள். ஜெயரட்ணம் தினமும் பத்து மணிக்குக் கந்தோரில் இருந்து ஒரு பாகை கூட்டுவார், மூன்று மணிக்கு ஒரு பாகை குறைப்பார், கோயிலில் எல்லாருக்கும் காட்டுவார். மணியம் அப்போதெல்லாம் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

ஒரு நாளைக்கு அவர் அந்தக் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "ரதி, உமக்குக் குளிருதோ?" என்று கேட்டால், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவள் நினைத்திருக்கிறாள். அலமாரியைத் திறந்து காட்டுவாள், குமிழையும் காட்டுவாள். பொய் சொல்லத் தெரியாதவள்தானே, கேட்டால் மறைக்க மாட்டாள். மூன்று குளிர்காலம் போய்விட்டது. அவர் இன்னும் கேட்கவில்லை.